போர்வையைவிட அகலமான ஓரம்

நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் போர்வையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வெளுத்து வெளுத்து வெண்ணெய் மாதிரி ஆகிவிட்ட பழைய சுங்குடிச் சேலையை நாலாக மடித்து, சுற்றிலும் ஓட்டுத் தையல் போட்டு, பச்சைப் பிள்ளையைப் பொதிந்து வைப்பார்களே, அதுதான். இப்போது கடைகளில் கரடிப் பொம்மை போட்ட போர்வை பிளாஸ்டிக் பையில் கிடைக்கிறது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. என் பேத்திக்கும் அதைத்தான் வாங்கினோம். அன்றைக்குப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அவரவர் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "உங்க அம்மா எப்படி?" என்று என்னிடம் கேட்டீர்கள். "நல்லா லேஸ் பின்னுவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நான் எழுந்து வந்துவிட்டேன். மீதியை இப்போது சொல்கிறேன்.

அப்போது விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை விட்டு இறங்கினால் வயல்தான். நாங்கள் இருந்தது ஒரு வளவில். நடுவில் கிணறும் துவைகல்லும், சுற்றி நாலைந்து குடித்தனங்கள். அப்பா தல்லாகுளத்தில் ஒரு ஆபீசில் கிளார்க். காலையில் சைக்கிளை மிதித்துப் போனால் விளக்கு வைக்கும்போதுதான் திரும்புவார். எங்கள் வாசலுக்கு நேர் எதிரே ஒரு தையல்காரர் குடும்பம். அவருக்கு டவுனுக்குள் கடை. அவர் மனைவியை வளவில் எல்லோரும் தையல்காரம்மா என்றுதான் சொல்வோம். முஸ்லிம் குடும்பம். பெருநாளைக்கு அவர்கள் வீட்டிலிருந்து வரும் சேமியாவில் கிடக்கும் முந்திரியை எண்ணி எண்ணித் தின்றவள் நான்.

அம்மா எட்டாவது வரை படித்தவள். படிப்பில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும், பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்த குரோஷா மட்டும் அவள் கையோடு வந்துவிட்டது. முனையில் சின்னக் கொக்கி உள்ள இரும்பு ஊசி. அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பாள். நூல் உருண்டை தரையில் ஓடாமல் இருக்க ஒரு பித்தளைச் சொம்புக்குள் இருக்கும். அம்மா நூலை இழுக்க இழுக்க உருண்டை சொம்புக்குள் சுற்றும் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டு மத்தியானங்களின் சத்தம் அதுதான்.

வளவில் யாருக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்றாலும் போர்வை அம்மாவிடம் வந்துவிடும். சேலையைக் கொண்டுவருபவர்கள் அவர்கள். ஓரம் பின்னுவது அம்மா. முதலில் துணியின் விளிம்பில் ஊசியால் வரிசையாகத் துளை போட்டுக்கொள்வாள். அந்தத் துளைகள் வழியாக நூலைக் கொக்கியில் மாட்டி இழுத்துச் சங்கிலி போல ஒரு சுற்று. அதன் மேல் சின்னச் சின்ன விசிறிகளாக ஒரு சுற்று. அவ்வளவுதான், முடிச்சுப் போட்டுவிடுவாள். "இதுக்கு மேல போனா பிள்ளைக்குக் கழுத்துல குத்தும்" என்பாள். மூலை வரும்போது மட்டும் கூடுதலாக இரண்டு பின்னல் போடுவாள். போடாவிட்டால் ஓரம் சுருண்டுகொள்ளும் என்று ஒருமுறை சொன்னாள். கை அடக்கமான பின்னல். விரல் நுழையாது.

நான் நாலாம் வகுப்புப் படித்தபோது அம்மா மறுபடி உண்டானாள். எனக்குப் பிறகு வெகு காலம் கழித்து. அம்மாச்சி முன்பே இறந்துவிட்டதால் சமயநல்லூரில் மாமா வீட்டுக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்று பேச்சு நடந்தது. கடைசியில் அப்பாவின் அக்கா, என் அத்தை, மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். கட்டிக்கொடுத்த கொஞ்ச நாளிலேயே தாலி அறுத்தவள் அத்தை. பிள்ளை இல்லை. வேலைக்கு அஞ்சமாட்டாள். வந்த அன்றே விறகைப் பிளந்து அடுக்கினாள்.

ஐப்பசி மழையில் தம்பி பிறந்தான். வளவு முழுக்கச் சேறு. அவனைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சேற்றுக் காலைக் கிணற்றடியில் கழுவிவிட்டு வந்தார்கள். வீட்டுக்குள் சாம்பிராணியும் வசம்பும் பூண்டுக் குழம்பும் கலந்து ஒரு வாசனை. இன்றைக்கும் ஏதாவது வீட்டில் அது அடித்தால் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. முன்பு எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன். இப்போது அதுவும் இல்லை.

தம்பிக்கான போர்வையை அம்மா முன்பே தைத்து வைத்திருந்தாள். அவளுடைய கல்யாணத்துக்கு வந்த சுங்குடி, அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி. ஓரம் மட்டும் பின்னாமல் இருந்தது. பிள்ளைக்குத் தொப்புள்கொடி விழுந்த கையோடு டின்னை எடுத்துவரச் சொன்னாள். மயில்கழுத்து நிற நூல். சங்கிலி ஒரு சுற்று போட்டாள். விசிறி ஒரு சுற்று போட்டாள். முடிச்சுப் போடவில்லை. விசிறிகளின் மேல் இன்னொரு சங்கிலி தொடங்கினாள்.

பார்க்க வந்தவர்களிடம் அத்தைக்கு இதில் ரொம்பப் பெருமை. "பாத்தீகளா, பச்ச ஒடம்புக்காரி, ஓஞ்சு சாயறாளான்னு பாருங்க. பிள்ளைக்குன்னு பின்னிக்கிட்டே இருக்கா. அம்புட்டு ஆசை" என்பாள். வந்தவர்களும் ஓரத்தைத் தடவிப் பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். அப்பாவும் ஆபீசிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றியபடியே, "இன்னிக்கி எம்புட்டு ஆச்சு?" என்று கேட்பார். அம்மா தூக்கிக் காட்டுவாள். அவருக்கு அது போதும்.

நான் பார்த்தது வேறு. அதை நான் பெரிதாக நினைக்கவும் இல்லை, சொல்லவும் தெரியவில்லை. அம்மா எனக்குத் தலை பின்னுவதை விட்டுவிட்டாள். அத்தைதான் பின்னினாள், நெற்றித் தோல் இழுபடுகிற மாதிரி. தம்பி அழுதால் அத்தை தூக்கிவந்து அம்மா மடியில் போடுவாள். அம்மா ரவிக்கையை அவிழ்த்துக் கொடுப்பாள், முகம் சுவர்ப் பக்கம் இருக்கும். அவன் குடித்து முடித்தானா என்று பார்க்கமாட்டாள். அத்தையே பார்த்து, எடுத்துத் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடவைப்பாள். "நீ உன் வேலையப் பாரு, நான் பாத்துக்கறேன்" என்பாள். அந்த நேரங்களில் அத்தையின் முகம் மலர்ந்திருக்கும். அம்மாவின் கை தரையைத் தடவி ஊசியைத் தேடும்.

ஒருநாள் நான் கேட்டேன். "அம்மா, தம்பிக்கு என்ன பேரு வைக்கப்போறோம்?"

"யாருக்கு?" என்றாள்.

அத்தை அடுப்படியிலிருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுநாள் வகுப்பில் சொன்னேன், அங்கேயும் சிரித்தார்கள்.

கார்த்திகை முடிவதற்குள் ஓரம் கையகலம் தாண்டிவிட்டது. மயில்கழுத்து நூல் தீர்ந்து ரோஸ் நூல் வந்தது. அது தீர்ந்து வெள்ளை. மூலைகளில் கூடுதல் பின்னல் போடுவதை அம்மா விட்டுவிட்டாள். அதனால் நாலு மூலையும் பொரித்த அப்பளம் மாதிரி மேலே தூக்கிக்கொண்டன. அடக்கமான பின்னல் தளர்ந்துகொண்டே வந்தது. முதல் சுற்றில் விரல் நுழையாது என்றேனே, கடைசிச் சுற்றுகளில் என் கட்டைவிரலே நுழைந்தது. நடுவில் சிவப்புச் சேலைத்துணி ஒரு சின்ன ஜன்னல் மாதிரி ஆகிவிட்டது.

நூல் வாங்கி வந்தது தையல்காரம்மாதான். அவள் வீட்டுக்காரர் டவுனிலிருந்து கொண்டுவருவார். அவள் முந்தானைக்குள் வைத்து எடுத்துவந்து கொடுப்பாள்.

"அக்கா, போன வாரந்தான குடுத்தேன். அம்புட்டும் தீந்துருச்சா?"

"ம்."

"வேற போர்வை எதும் பின்னுறீகளா?"

"இதுதான்."

தையல்காரம்மா போர்வையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மடித்து வைத்தாள். வெளியே வந்து கிணற்றடியில் அத்தையிடம் பேசினாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா மொகமே சரியில்ல மதினி. டாக்டர்கிட்ட ஒரு வார்த்த காட்டுங்களேன்."

"பிள்ள பெத்தவ மொகம் வேற எப்படி இருக்கும்? நீயும் பெத்தவதான, தெரியாதா? தின்னுறா, தூங்குறா, வேல பாக்குறா. சும்மா கெடக்குறவளத்தான் டாக்டர்ட்ட கொண்டுபோகணும்."

"அதுவும் சரிதான்" என்றாள் தையல்காரம்மா. அடுத்த வாரமும் நூல் வந்தது.

வெகு காலத்துக்குப் பிறகு, அவர்கள் டவுனுக்குள் வீடு மாறிப் போய், அவள் கண் புரை எடுத்துக் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தபோது நான் போய்ப் பார்த்தேன். பேச்சு அங்கே வந்தது. "பின்னிக்கிட்டு இருந்தாலாச்சும் மனசு ஒரு எடத்துல நிக்கும்னு நெனச்சேன்மா. நான்தான் வாங்கி வாங்கிக் குடுத்தேன். ஒவ்வொரு தொழுகையிலயும் அக்காவுக்குன்னு துவா செஞ்சேன், நூலையும் குடுத்தேன்" என்றாள். டீ ஆறிப்போனது என்று வேறு டீ போடச் சொன்னாள்.

தை பிறந்து பொங்கல் கழிந்திருக்கும். அத்தைக்கு ஊரிலிருந்து துஷ்டிச் செய்தி வந்தது. கொழுந்தனாரோ யாரோ இறந்துவிட்டார். போகாமல் இருக்க முடியாது. காலையில் புறப்படும்போது தம்பிக்குப் பால் கொடுக்கவைத்து, போர்வையில் பொதிந்து பாயில் படுக்கவைத்தாள். "பாலு காச்சி மூடி வச்சிருக்கேன். நான் பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன். புள்ளயப் பாத்துக்க, என்ன?" என்றாள். அம்மா தலையை ஆட்டினாள். அத்தை என்னைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு பஸ் ஏறினாள். பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியாக வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு போனாள்.

அன்று பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா ஒத்திகை. அதில் சேராத எங்களை மத்தியானமே விட்டுவிட்டார்கள். வளவு நெருங்கும்போதே அழுகை கேட்டது. பசிக்கு அழுகிற அழுகை எனக்குத் தெரியும். இது அது இல்லை. அழுது அழுது குரல் போய், மூச்சை இழுக்கும் சத்தம்தான் பெரிதாக இருந்தது. வளவில் வேறு யாரும் இல்லை. வயலில் அறுப்பு, பெண்கள் எல்லாம் போய்விட்டார்கள். தையல்காரம்மா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

உள்ளே போனேன். பாயில் தம்பி. அவன் மேல் கிடந்த போர்வையின் மறு மூலை அம்மாவின் மடியில் இருந்தது. அம்மா அந்த மூலையில் பின்னிக்கொண்டிருந்தாள். சொம்புக்குள் உருண்டை சுற்றிக்கொண்டிருந்தது.

"அம்மா, தம்பி அழுகுறான்."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "வந்துட்டியா" என்றாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

நான் பையைக் கழற்றி வைத்துவிட்டு அவனைத் தூக்கினேன். தூக்கும்போது போர்வையும் கூடவே வந்தது. அவன் வீறிட்டான். பார்த்தால், இடது கால் தளர்ந்த ஓரத்துக்குள் நுழைந்து, உதைத்து உதைத்து முறுக்கி, ஒரு விரலில் நூல் இறுகியிருந்தது. கட்டைவிரலுக்கு அடுத்த விரல். நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. நூலே வெளியே தெரியவில்லை, சதைக்குள் போய்விட்டது. மெதுவாக அவனைப் பாயில் வைத்தேன். எதிர்வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

தையல்காரம்மா தூக்கக் கலக்கத்தோடு வந்தாள். முந்தின ராத்திரி காய்ச்சலாம் அவளுக்கு. பார்த்தாள். ஓடிப்போய்ச் சின்னக் கத்திரியை எடுத்துவந்து, காலைச் சுற்றி இருந்த பின்னலைக் கொத்தோடு வெட்டினாள். விரலில் இறுகியிருந்ததை எடுக்க வரவில்லை. "யா அல்லா" என்று ஒருமுறைதான் சொன்னாள், அதையும் மெதுவாக. பிள்ளையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "அக்கா, நான் டாக்டர்கிட்டப் போறேன். அக்கா, கேக்குதா?" என்றாள். அம்மாவின் கண் ஊசியிலேயே இருந்தது. தையல்காரம்மா என்னிடம், "நீ அம்மா பக்கத்துலயே இரு, எங்கயும் போவாத" என்று சொல்லிவிட்டுச் செருப்புப் போடாமல் ரோட்டைப் பார்த்து ஓடினாள்.

அதன் பிறகு நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. அம்மா வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்தாள். தொங்கிக்கொண்டிருந்த முனைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். இரண்டு முனைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டாள். பல்லால் மிச்சத்தைக் கடித்துத் துப்பினாள்.

"சாப்ட்டியா?" என்றாள்.

"இல்ல."

"சோறு இருக்கு. போட்டுத் தின்னு."

கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்பது நினைவிருக்கிறது. தட்டைக் கழுவி வைத்தேன். அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். வெயில் வாசல்படியிலிருந்து மெல்ல உள்ளே வந்தது. நான் அழவில்லை. பயமாகக்கூட இல்லை. என்னவென்று சொல்லத் தெரியவில்லை, பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. அது அதன் பிறகும் முழுசாகப் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ரோட்டோரம் இருந்த டாக்டர் பிளேடால் நூலை அறுத்து எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். யாரோ அப்பாவின் ஆபீசுக்கு போன் செய்தார்கள். விரலின் நுனியைக் காப்பாற்ற முடியவில்லை. அது கறுத்து, சில நாளில் போய்விட்டது. தம்பிக்கு வேறு ஒன்றும் ஆகவில்லை. ஷூ போட்டால் தெரியாது.

பொழுது சாய்ந்து அத்தை வந்தாள். செய்தியை வளவு வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். துஷ்டி வீட்டுக்குப் போய்வந்தவள் குளிக்காமல் நேராக உள்ளே வந்தாள்.

"நீயெல்லாம் பெத்தவளா? பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு, புள்ள துடிக்கத் துடிக்க... கல்லு கூடக் கரையுமேடி. வேணும்னுதான் செஞ்சியா? சொல்லு, வேணும்னுதான் செஞ்சியா?"

வந்தவர்களிடமெல்லாம் அம்புட்டு ஆசை என்று மெச்சிய அதே வாய்தான். அம்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாரையோ திட்டுவதைப் பார்ப்பது மாதிரி.

அப்பா மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். அவர் கத்துகிறவர் இல்லை. அம்மா கையிலிருந்து ஊசியை வாங்கினார். டின், சொம்பு, மிச்ச நூல் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டார். பித்தளைச் சொம்பு ஒரு நிமிஷம் மிதந்து, வாயில் தண்ணீர் ஏறி உள்ளே போனது. போர்வையை மட்டும் விட்டுவிட்டார். அது ஆஸ்பத்திரியில் காட்டத் தேவைப்படும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். யாரும் கேட்கவில்லை.

அம்மா வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாள். விரல்கள் மட்டும் கொக்கி பிடித்த மாதிரி மடங்கி, இழுத்து, மடங்கி, இழுத்து. சாப்பிடுவதற்கு மட்டும் நின்றன.

சமயநல்லூரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். நெல் அறுப்பு நேரம், வேட்டியில் வைக்கோல் ஒட்டியிருந்தது. அம்மா முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம் வந்தார்.

"மாப்ள, தங்கச்சிய நான் கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டிட்டுப் போங்க மச்சான். புள்ளைய அனுப்ப மாட்டேன்."

"நான் புள்ளையக் கேக்கல மாப்ள. அவ ஒடம்பு தேறட்டும். பெறகு பேசுவோம்."

"ஒடம்புக்கு என்ன? ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா.

மாமா ஒரு மஞ்சப்பையில் அம்மாவின் நாலு சேலையை எடுத்துக்கொண்டார். ரோடு வரைக்கும் நான் கூடப் போனேன். பஸ்ஸில் ஏறும்போது அம்மா, "பள்ளிக்கூடம் போகலையா?" என்று கேட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை.

கோடை விடுமுறையில் என்னை மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அம்மா பெரும்பாலும் தூங்கினாள். மாமாவின் மனைவி அவளை எதற்கும் வற்புறுத்தவில்லை. வேளைக்குச் சாப்பாடு, வாரம் ஒருமுறை எண்ணெய்க் குளியல். இடையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அப்போது ஊருக்கெல்லாம் வயிற்றுவலி என்று சொல்லி வைத்திருந்தார்கள். களத்துமேட்டு வேப்பமரத்தடியில் கடலை உடைக்க எல்லாரும் உட்காருவோம். அம்மாவும் வந்து உட்காருவாள். முதலில் ஒரு கடலையைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பாள். போகப் போக உடைத்தாள்.

ஒருநாள் கடலைத் தோலைத் தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தல என்னடி இப்படிச் சட விழுந்து கெடக்கு? வா இங்க" என்றாள். சீப்பை வாங்கி, என்னை முழங்காலுக்கு நடுவில் இழுத்து உட்காரவைத்துச் சிக்கெடுத்தாள். வலியில் உயிர் போனது. நான் அசையவில்லை. சிக்கு எடுத்து முடிக்கும்வரை மாமாவின் மனைவி கடலை உடைப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மழைக்கு முன்பு அம்மா வீடு திரும்பினாள். தம்பி அப்போது நடந்துகொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் அத்தையின் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். அத்தையை அவன் அம்மா என்றுதான் கூப்பிட்டான். திருத்த யாரும் முயலவில்லை. அத்தை ஊருக்குத் திரும்பவும் இல்லை. அம்மா சமைத்தாள், துவைத்தாள், எங்களை வளர்த்தாள். அவள் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தம்பி பெரியவனாகி, பெற்றவள் யார் என்று புரிந்த பிறகும், அத்தையையே அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு, பெற்றவளை எப்படியும் கூப்பிடாமலே இருந்துவிட்டான். பேச வேண்டுமானால் முன்னால் வந்து நிற்பான். "பசிக்குது" என்பான். அவள் தோசை ஊற்றுவாள். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான்.

விரலை எலி கடித்துவிட்டது என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அதை அவன் தன் பிள்ளைகளுக்கு வேடிக்கைக் கதையாகச் சொல்வான். எலி இம்புட்டுப் பெருசு என்று கையை விரித்துக் காட்டுவான். அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தப் போர்வையை அத்தை கத்திரியால் துண்டு துண்டாக நறுக்கி அடுப்படியில் பிடிதுணியாக வைத்திருந்தாள். ஒரு பக்கம் ரோஸ் லேஸ் தொங்க, அதைப் பிடித்துத்தான் அம்மா வருஷக்கணக்கில் சோற்றுப் பானையை இறக்கினாள். பிறகு ஸ்டவ் வந்தது, குக்கர் வந்தது. கரி பிடித்த அந்தத் துண்டுகள் எப்போது குப்பைக்குப் போயின என்று எனக்குத் தெரியாது. அத்தையைக் கடைசிக் காலத்தில் படுக்கையில் வைத்துப் பார்த்ததும் அம்மாதான். கொள்ளி வைத்தது தம்பி. அம்மாவைப் பற்றிய தன் எண்ணத்தை அத்தை சாகும்வரை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்பாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டார்.

நானும் கேட்டதில்லை. இதை நினைத்து வருத்தப்பட்டேனா என்றால், அதுவும் இல்லை. அது ஒரு மூடிய அறை மாதிரி வீட்டில் இருந்தது. அதைச் சுற்றி நடந்து பழகிவிட்டோம்.

சில வருஷங்களுக்கு முன்பு என் மகளுக்குத் தல்லாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. அம்மா அப்போது இருந்தாள். முழங்கால் வலியோடு ஆட்டோவில் வந்து, வார்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு சின்ன வயது லேடி டாக்டர் வந்தார். மகளின் நாடியைப் பார்த்தார், தையலைப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து சாதாரணமாகக் கேட்டார்.

"மனசு எப்படி இருக்கும்மா? அழுகை வருதா? பிள்ளைய எடுக்கவே தோணலன்னு, எதுலயும் ஒட்டாத மாதிரி இருக்கா?"

"இல்ல டாக்டர். தூக்கந்தான் வருது."

"அப்படி வந்தா சொல்லணும். காய்ச்சல் மாதிரி அதுவும் ஒரு நோய்தான். மருந்து இருக்கு. பெரியவங்க நீங்களும் கவனிங்க" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எல்லாம் சேர்த்து டீ ஆற்றும் நேரம்கூட இருக்காது.

மகள் தூங்கட்டும் என்று நானும் அம்மாவும் வராண்டாவில் வந்து உட்கார்ந்தோம். கீழே ரோட்டில் பஸ்கள். அம்மா டாக்டர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு? நோயின்னா?"

"ஆமாம்மா."

"எல்லாருக்கும் வருமா?"

"சில பேருக்கு வருமாம்."

அம்மா தலையை ஆட்டினாள். முந்தானையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள். எனக்கு அப்போது கேட்கத் தோன்றியது. திட்டம் போட்டுக் கேட்கவில்லை.

"அம்மா, அன்னைக்கித் தம்பி அழுதது உனக்குக் கேக்கலையா?"

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"கேட்டுச்சு" என்றாள். "நல்லாக் கேட்டுச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ள அழுகுதுன்னு நெனச்சேன். காலையிலருந்து அழுகுதே, பாவம், பெத்தவ எங்க போய்த் தொலஞ்சான்னு அவ மேல கோவம் கோவமா வந்துச்சு. எந்திரிச்சுப் போய்த் தூக்கணும்னுதான் இருந்தேன். இந்தச் சுத்து முடியட்டும்னு இருந்தேன். அது முடியவே இல்ல."

கீழே ஒரு பஸ் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. வார்டுக்குள் வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்கொரு பிள்ளை. அதில் ஏதோ ஒன்று அழத் தொடங்கியது. நம் பிள்ளையா, வேறு யாருடையதா என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. அம்மா அதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.